ஒரு கோடி வீரர்கள்: சுப்பிரமணிய ஐயர் வில்சனுக்கு எழுதிய கடிதம் குறித்து ஒரு மறுவாசிப்பு

சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் 1917 ஜூன் 24 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனுக்கு எழுதிய கடிதத்தை ஆய்வாளர்கள் இரண்டு விதமாகவே கையாண்டு வந்துள்ளனர். பிரம்மஞான சபையின் தலைவரும் தன்னாட்சி இயக்கத் தலைவருமான அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்ட ஆத்திரத்தில், சபையின் தலைமையகமான அடையாற்றில் எழுந்த கூக்குரல் என்று ஒரு சாரார் அதை அடிக்குறிப்பில் முடித்துக்கொள்கின்றனர். காலனி நாடுகளின் எதிர்பார்ப்புகளைக் கிளறியவை வில்சனின் பதினான்கு அம்சங்களே என்று கருதும் மறுசாரார், அக்கதைக்கு இதை ஒரு முன்னுரையாக வைக்கின்றனர். கடிதத்தின் மையப் பத்தி இவ்விரண்டுக்கும் இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

காலவரிசையை முதலில் பார்த்துவிடலாம். பதினான்கு அம்சங்கள் வெளியானது 1918 ஜனவரியில். இந்தியாவில் பொறுப்பாட்சியைப் படிப்படியாக வளர்ப்பதே நோக்கம் என்று இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு அறிவித்தது 1917 ஆகஸ்ட் 20 அன்று. கடிதம் எழுதப்பட்டபோது இரண்டுமே இல்லை. ஐயர் முன் இருந்தது, ஜனநாயகத்துக்காகவே போரில் இறங்குகிறோம் என்று வில்சன் அவ்வாண்டு ஏப்ரல் 2 அன்று ஆற்றிய உரை மட்டுமே. எனவே ஒரு வாக்குறுதியைக் கேட்டு மயங்கியவரின் மனுவாக இதைக் கொள்ள இயலாது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர், எதிரே இருப்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கோட்பாட்டை அவர் முன்னே எடுத்துவைத்து அதற்குரிய தீர்ப்பைக் கேட்கிறார்.

இனி மையப் பத்தி. இந்தியாவுக்குத் தன்னாட்சி உடனே வாக்களிக்கப்பட்டால் மூன்று மாதங்களில் ஐம்பது லட்சம் வீரர்களும், அடுத்த மூன்று மாதங்களில் மேலும் ஐம்பது லட்சம் பேரும் போர்முனைக்குக் கிடைப்பார்கள் என்கிறார் ஐயர். இந்தக் கணக்கை மிகை என்று பலரும் ஒதுக்கிவிட்டனர். வீரர் அனுப்பும் திட்டமாகப் பார்த்தால் மிகைதான். நான்காண்டுப் போரில் அரசு தன் வலு முழுவதையும் செலுத்தியும் கடல் கடந்து அனுப்பியது பத்து லட்சத்துக்குச் சற்று அதிகமானவர்களையே. ஒரு கோடிப் பேருக்குத் துப்பாக்கி ஏது, கப்பல் ஏது? நீண்ட காலம் நீதி வழங்கிய எழுபத்து நான்கு வயதுக்காரர் இதை அறியாமல் எழுதியிருப்பாரா?

இங்கே ஒரு பொருத்தத்தைச் சுட்ட விரும்புகிறேன். கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தின்படி 1917 ஜூன் 5 அன்று அமெரிக்காவெங்கும் நடந்த பெயர்ப்பதிவில் ஏறத்தாழ ஒரு கோடி இளைஞர்கள் பதிந்தனர். கடிதம் எழுதப்பட்டது அதற்குப் பத்தொன்பது நாட்களுக்குப் பின். அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவர்கள் ஹாட்ச்னர் தம்பதியர். பிரம்மஞான சபையைச் சேர்ந்த அமெரிக்கர்கள். அவ்வெண்ணை மனத்தில் வைத்தே ஐயர் எழுதினார் என நிறுவ என்னிடம் ஆவணம் இல்லை. ஆயினும் வாஷிங்டனில் இதைப் படிப்பவருக்கு ஒரு கோடி என்பது கற்பனை எண்ணாகப் பட்டிருக்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் சட்டம் இயற்றினால் ஒரு நாடு இத்தனை பேரைத் தர முடியும் என்பதற்கு அவர் நாடே அம்மாதத்தின் சான்று. ஐயரின் எண் படைக்கணக்கன்று. அரசு பறித்துச் செல்லும் படைக்கும் மக்கள் மனமொப்பித் தரும் படைக்கும் உள்ள வேறுபாட்டின் அளவு அது. எனவே இதை விசுவாசிகளின் பேரம் என்பது பிழை. இந்தியச் சிப்பாயைத் தருவது முடியின் உரிமையல்ல, மக்களின் உரிமை என்று இப்பத்தி கோருகிறது.

கடிதத்தின் நடை அமெரிக்க நடை, அது பெசன்ட் வட்டாரத்தின் கைவரிசை என்பார்கள். இருக்கட்டுமே. வக்கீல் எழுதிய பிராதாயினும் வழக்கு கட்சிக்காரருடையதுதான். மாண்டேகு நாடாளுமன்றத்தில் கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தபோது, 1918இல், ஐயர் கே.சி.ஐ.இ., திவான் பகதூர் பட்டங்களைத் துறந்தார். அதற்கு மேல் எந்தக் கையொப்பச் சான்று வேண்டும்?

அமைதி உடன்பாட்டை இந்த வாசிப்பின் வழியே பார்க்க வேண்டும். 1919 ஜூன் 28 அன்று வெர்சாயில் இந்தியாவின் பெயரால் ஒப்பமிட்டவர்கள் இருவர்: பிக்கானீர் மகாராஜா கங்கா சிங், மற்றும் அதே மாண்டேகு. சிப்பாய்களின் உயிரிழப்பு இந்தியாவுக்கு ஒரு நாற்காலியையும், பின்னர்ச் சர்வதேச சங்கத்தில் உறுப்பினர் தகுதியையும் வாங்கித் தந்தது. நாற்காலியில் அமர்பவரை நியமிக்கும் அதிகாரம் மட்டும் அரசிடமே தங்கிவிட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்க அனுமதித்து அவ்வாண்டு மார்ச்சில் நிறைவேறிய ரௌலட் சட்டத்தையும் இந்த ஒப்பத்தையும் தனித்தனி அத்தியாயங்களில் வைப்பது நம் வரலாற்றெழுத்தின் பழைய பழக்கம். மக்களின் சம்மதம் தேவையில்லை என்ற ஒரே முடிவின் இரு செயல்கள் அவை.

ஆனால் ஐயரின் கடிதத்துக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. இந்தியாவை உண்மையாகப் பிரதிநிதித்துவம் செய்பவை காங்கிரசும் முஸ்லிம் லீகும் மட்டுமே என்று அது தொடங்குகிறது. அதற்கு ஆறு மாதம் முன்னரே, 1916 டிசம்பரில், பிட்டி தியாகராய செட்டியாரின் பிராமணரல்லாதார் அறிக்கை இதே சென்னையிலிருந்து அவ்வுரிமையை மறுத்திருந்தது. தியாகராயருடன் நீதிக்கட்சியை நிறுவி, மாண்டேகுவின் அரசியல் சீர்திருத்தத்தில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டு லண்டன் சென்ற டி.எம். நாயர், வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தான மூன்று வாரத்துக்குள் அங்கேயே இறந்தார். அவரது கோரிக்கை 1920இல் மெஸ்டன் தீர்ப்பாக, மாகாண சட்டமன்றத்தில் பிராமணரல்லாதாருக்கு 28 ஒதுக்கீட்டு இடங்களாக வந்து சேர்ந்தது. அவ்வாண்டுத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி அமைச்சரவை அமைத்தது. 

ஐயரும் அடையாறு வட்டாரமும் வில்சனிடம் கேட்டதையும் நீதிக்கட்சி லண்டனில் கேட்டதையும் எதிரெதிர்த் துருவங்களாக மட்டும் படிப்பது போதாது. இந்தியாவுக்காக யார் பேசுவது என்ற ஒரே வழக்கில் அவை ஒன்றுக்கொன்று எதிர்வாதங்கள். மாண்டேகு 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது இரு தரப்பும் அவர் முன் நின்று வாதாடின. அவ்வாதங்களை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.