காப்புறுதி பெற்ற முதலீடும் கரைந்த சேமிப்பும்: ஜெர்மானியப் பணவீக்கத்தில் குடும்பச் சொத்துகள் (1914–1925)

விலைவாசி உயரும்போது குடும்பங்கள் பணத்தைக் கைவிட்டு நிலம், வீடு, பொன் ஆகியவற்றை நாடும் என்பது பொருளியலார் தரும் பொது விளக்கம். அவ்வாறு மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாக் குடும்பங்களுக்கும் உண்டு என அவ்விளக்கம் கருதிக்கொள்கிறது. முதல் உலகப் போரை ஒட்டிய ஜெர்மனியில் நிலைமை அதுவன்று.

1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மானியக் குடிமைச் சட்டம், காப்பாளர் பொறுப்பிலுள்ள சிறாரின் பணத்தை அடமானக் கடன், அரசுக் கடன் பத்திரம், சேமிப்பு வங்கி வைப்பு போன்றவற்றில் இடுமாறு பணித்தது. நீதிமன்ற இசைவின்றி வேறு வழியில் முதலிட இயலாது. பணவீக்கம் அழித்தவை பெரும்பாலும் இத்தகைய 'பாதுகாப்பான' சொத்துகளே. 1914 முதல் 1918 வரை ஒன்பது முறை வெளியிடப்பட்ட போர்க்கடன் பத்திரங்கள் ஏறத்தாழ 9,800 கோடி மார்க் திரட்டின. 1923 நவம்பரில் ஒரு லட்சம் கோடி காகித மார்க் ஒரு ரென்டன்மார்க்குக்கு ஈடாக்கப்பட்டது. அக்கணக்கில் நாடு முழுவதும் திரண்ட போர்க்கடனின் மதிப்பு பத்து பென்னிக்கும் குறைவு.

அடமானக் கடன் பெற்றிருந்த உழவரும் வீட்டுரிமையாளரும் மதிப்பிழந்த தாளைக் கொடுத்துக் கடன் தீர்த்தனர். எனினும் வீட்டுரிமையாளரின் ஆதாயம் முழுமையானதன்று. வாடகைக் கட்டுப்பாட்டால் வீட்டின் மதிப்பு நின்றது, வருவாய் தேய்ந்தது. அதே கட்டுப்பாடு, பத்திரங்களை இழந்து வாடகை வீட்டில் வாழ்ந்த முதியோருக்கு ஓரளவு நிழல் தந்தது. சொத்திழப்பை மட்டும் கொண்டு நலவாழ்வை அளக்கும் ஆய்வுகள் இதனைத் தவறவிடுகின்றன.

'மார்க் என்றும் மார்க்கே' என்ற நெறியை உச்ச நீதிமன்றம் 1923 நவம்பர் 28 அன்று கைவிட்டது. கடன் கொடுத்தோருக்கு இழப்பீடு தரும் கடமை இதனால் எழுந்தது. அடமானக் கடன்களுக்கு 1924 பிப்ரவரி ஆணை பொன் மதிப்பில் 15 விழுக்காடு வழங்கியது. 1925 ஜூலைச் சட்டம் அதனை 25 ஆக்கியது. அரசுக் கடன் பத்திரங்களுக்கோ 2.5 விழுக்காடே கிட்டியது. 1920 ஜூலைக்கு முன்பிருந்தே அவற்றை வைத்திருந்தோருக்கு மட்டும், பல ஆண்டுகள் நீண்ட குலுக்கல் வழியே 12.5 விழுக்காடு உண்டு. தனியார் கடனாளியிடம் கால் பங்கு கேட்ட அரசு, தானே கடனாளியானபோது அதில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. வீட்டுரிமையாளரின் பணவீக்க ஆதாயத்தின் மீது 1924இல் விதிக்கப்பட்ட வரியும் புதிய குடியிருப்புகளுக்கும் பொதுச் செலவுக்கும் சென்றது. இழந்தோரின் கைக்குச் செல்லவில்லை.