உலோகச் சாவியும் புரதப் பூட்டும்

1965-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் ஒரு விந்தையைக் கண்டார். பிளாட்டின மின்வாய்களின் வழியே மின்சாரம் பாய்ந்தபோது, கரைசலிலிருந்த பாக்டீரியங்கள் பிளவுபடாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அன்று. மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினம் உண்டாக்கிய சேர்மமே. அந்த ஆய்வின் வழிவந்த சிஸ்பிளாட்டின் 1978-இல் அந்நாட்டில் புற்றுநோய் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அது டி.என்.ஏ.வுடன் வேதிப்பிணைப்புக் கொண்டு உயிரணுவை அழிக்கிறது. தாக்காமலேயே ஓர் உலோகம் மருந்துக்கு உதவுமா?

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. நம் உடலில் புரதக் கைனேஸ்கள் என்னும் நொதிகள் ஐந்நூறுக்கும் மேல் உண்டு. இவை ஏ.டி.பி. மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களில் சேர்த்து, அவற்றின் வேலையை முடுக்கவோ நிறுத்தவோ செய்கின்றன. ஒரு கைனேஸ் கட்டுமீறினாலும் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம். 1977-இல் ஜப்பானில் சதோஷி ஓமுராவின் குழு மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்டாரோஸ்போரினைப் பிரித்தது. அது கைனேஸின் ஏ.டி.பி. பள்ளத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் கள்ளச்சாவியைப் போல ஏராளமான கைனேஸ்களை ஒருசேர முடக்கிற்று. வேண்டுவதோ ஒரு பூட்டுக்கு ஒரு சாவி அன்றோ?

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் மெகர்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். ஸ்டாரோஸ்போரினின் தட்டைப் பகுதியை ஒத்த அமைப்பை வைத்துக்கொண்டு, சர்க்கரைப் பகுதி இருந்த இடத்தில் ருத்தீனியத் தொகுதியைப் பொருத்தினார். ஏன் உலோகம்? கார்பன் அணு நான்கு பக்கம் கைநீட்டும். நான்கும் வெவ்வேறு தொகுதிகளைப் பற்றினால் இரண்டு வடிவங்களே அமையும். எண்முகி வடிவில் ஆறு பக்கம் கைநீட்டும் உலோகத்தைச் சுற்றி ஆறு வெவ்வேறு தொகுதிகள் நின்றால், 30 வடிவங்கள் கிடைக்கும்!

சாவி பூட்டில் எப்படி அமர்ந்தது? 1991-இல் சூசன் டெய்லர் குழுவினர் முதல் கைனேஸின் படிக அமைப்பை வெளியிட்டது முதல், எக்ஸ் கதிர்களே இதற்குக் கண்கள். 2006-இல் மெகர்ஸும் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்களும் பிம்-1 என்னும் மனிதக் கைனேஸுடன் ருத்தீனியச் சேர்மம் சேர்ந்த படிகத்தை ஆராய்ந்தனர். தட்டைப் பகுதி ஏ.டி.பி. பள்ளத்தில் கிடந்தது. ருத்தீனியமோ புரதத்துடன் எந்தப் பிணைப்பும் கொள்ளாமல், சுற்றியுள்ள தொகுதிகளை உரிய இடத்தில் தாங்கி நின்றது.

இச்சேர்மங்கள் இன்னும் மருந்துக் கடையை எட்டவில்லை. எனினும் உலோகம் தாக்கும் படைக்கலமாக மட்டுமன்றி, வடிவம் தாங்கும் தூணாகவும் விளங்கும் என்பதை அப்படிகம் மெய்ப்பித்தது.