தேக்குப் பெட்டிக்குள் பயணம் செய்த நூலகம்: பரோடாவின் கதை

பரோடா மத்திய நூலகத்தின் வரலாற்றை 1910-இலிருந்து எழுதத் தொடங்குவதே வழக்கம். ஆனால் அதற்கு 35 ஆண்டுகள் முன்னதாகத் தொடங்கினால்தான் அந்நூலகம் ஏன் தோன்றியது என்பது விளங்கும்.

1875-இல் பரோடா சமஸ்தானத்தின் ஆட்சியாளராக இருந்த மல்ஹர்ராவ் கெய்க்வாடை ஆங்கிலேய அரசு பதவியிலிருந்து நீக்கியது. முன்னாள் மன்னர் கண்டேராவின் மனைவி ஜம்னாபாய் வாரிசு ஒருவரைத் தத்தெடுக்க அனுமதி பெற்றார். நாசிக் பகுதியைச் சேர்ந்த கவலானா என்னும் சிற்றூரின் உழவர் குடும்பத்திலிருந்து கோபால்ராவ் என்ற 12 வயதுச் சிறுவன் தேர்ந்தெடுக்கப்பட்டான். அரண்மனைக்கு வந்த நாளில் அவனுக்கு எழுத்தறிவு இல்லை. மூன்றாம் சயாஜிராவ் என்ற பெயரோடு அரியணையில் அமர்ந்த பின்னரே அவன் அரிச்சுவடியைத் தொடங்கினான்.

அந்த ஆண்டுகளில் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ். திருவிதாங்கூரில் திவானாகப் பணியாற்றிப் பெயர் பெற்றிருந்த அவர், இளைய மன்னருக்கு ஆட்சிமுறை குறித்துத் தொடர்ந்து பாடம் எடுத்தார். அவ்வுரைகள் 'மைனர் ஹின்ட்ஸ்' என்ற தலைப்பில் நூலாகின. 1881 இறுதியில் முழு அதிகாரத்தை ஏற்றபோது சயாஜிராவுக்கு வயது 18. காலம் கடந்து எழுத்தைக் கற்ற ஒருவர், எழுத்தறியாத மக்களின் மன்னரானார்.

1893-இல் அம்ரேலி வட்டத்தின் சில ஊர்களில் கட்டாயத் தொடக்கக் கல்வி சோதனை முறையில் தொடங்கப்பட்டது. 1906-இல் அது சமஸ்தானம் முழுமைக்கும் சட்டமாயிற்று. பிரிட்டிஷ் இந்தியாவில் அத்தகைய சட்டம் அப்போது எங்கும் இல்லை. எனினும் ஒரு சிக்கல் விரைவில் புலப்பட்டது. நான்கைந்து ஆண்டுகள் படித்துவிட்டு வயலுக்குத் திரும்பிய பிள்ளைகளின் கையில் படிப்பதற்கு எதுவும் இல்லை. சில ஆண்டுகளில் அவர்கள் கற்ற எழுத்தை மறந்தார்கள். பள்ளிக்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் வீணாகாமல் இருக்க வேண்டுமானால், பள்ளியை விட்டு வெளியேறியவருக்கும் புத்தகம் கிடைக்க வேண்டும். பரோடாவில் நூலகம் கட்டாயக் கல்வியின் தொடர்ச்சியாகவே எண்ணப்பட்டது.

1906-இல் அமெரிக்காவுக்குச் சென்ற சயாஜிராவ், அங்கு எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் பொது நூலகங்களைக் கண்டார். இந்திய நகரங்களில் அன்று இருந்த நூலகங்களுள் பெரும்பாலானவை சந்தா செலுத்தக்கூடியவர்களுக்கு உரியவை. 1910-இல் அவரது அழைப்பை ஏற்று, கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் நூலகராக இருந்த வில்லியம் ஆலன்சன் போர்டன் பரோடாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது பரோடா நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சம். சமஸ்தானத்தின் மக்களோ ஏறத்தாழ 20 லட்சம். அவர்களுள் பத்தில் ஒருவர் அளவுக்கே எழுத்தறிவு பெற்றிருந்தனர்.

மன்னர் தமது சொந்தச் சேகரிப்பிலிருந்து ஏறத்தாழ 20,000 நூல்களை வழங்க, மத்திய நூலகம் உருவாயிற்று. டூயி, கட்டர் ஆகியோரின் பகுப்பு முறைகளை இணைத்துப் போர்டன் புதிய பகுப்பு ஒன்றை அமைத்தார். 1911-இல் நூலகப் பணியாளருக்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. மறு ஆண்டில் 'லைப்ரரி மிசலனி' என்ற இதழ் ஆங்கிலம், குஜராத்தி, மராத்தி ஆகிய மூன்று மொழிகளில் வெளிவரத் தொடங்கியது. இம்மூன்றும் பரோடாவின் சமூக அடுக்குகளைக் காட்டுபவை. மராத்தி அரச குடும்பத்தின் மொழி. குஜராத்தி குடிமக்களின் மொழி. ஆங்கிலம் மேலாதிக்கத்தின் மொழி. மூன்றையும் ஓர் இதழுக்குள் கொண்டுவந்ததிலேயே இந்நூலகம் யாருக்கானது என்ற கேள்விக்கு ஒரு விடை இருந்தது.

போர்டன் 1913-இல் நாடு திரும்பினார். அவரிடம் பயின்றவர்களும் ஜே. எஸ். குடால்கர், நியூட்டன் மோகன் தத் முதலிய அதிகாரிகளும் பணியைத் தொடர்ந்தனர். இவ்வியக்கத்தின் மிக வளமான பகுதி நகருக்கு வெளியே நிகழ்ந்தது. சிறிய தேக்குப் பெட்டிகளில் 15 முதல் 30 நூல்கள் வரை அடுக்கப்பட்டன. கேட்டு எழுதும் ஊருக்கு அப்பெட்டி அனுப்பப்பட்டது. போக்குவரத்துச் செலவை நூலகத் துறையே ஏற்றது. ஊரில் பொறுப்பேற்ற ஒருவர் நூல்களை மக்களிடம் சுற்றுக்கு விடுவார். தவணை முடிந்ததும் அப்பெட்டி திரும்பிச் செல்ல, வேறொரு பெட்டி வரும்.

எழுத்தறியாதவரை என்ன செய்வது என்ற கேள்வியையும் அவர்கள் தவிர்க்கவில்லை. காட்சிவழிக் கல்விக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. மாய விளக்குப் படங்களும் திரைப்படங்களும் கிராமங்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டு இலவசமாகக் காட்டப்பட்டன. நகரில் மகளிருக்கும் சிறுவருக்கும் தனிப் பிரிவுகள் அமைந்தன. சிறுவர் பிரிவில் நூல்களோடு விளையாட்டுப் பொருள்களும் இருந்தன. புத்தகத்தைத் தொடுவதற்கு முன் குழந்தை அந்த அறைக்குள் மகிழ்ச்சியோடு நுழைய வேண்டும் என்பதை அந்நாளிலேயே அவர்கள் உணர்ந்திருந்தனர்.

இவை அனைத்தையும் மன்னரின் கொடையாக மட்டும் கூறினால் வரலாறு பாதியாகிவிடும். போர்டன் வருவதற்கு முன்பே, 1906 முதல், மோதிபாய் அமீன் என்ற ஆசிரியர் சரோதர் பகுதியின் ஊர்களில் 'மித்ர மண்டல்' என்னும் நண்பர் குழுக்கள் வழியாகச் சிறு நூலகங்களை நிறுவி வந்தார். அரசு இயக்கம் தொடங்கியபோது கிராம நூலகங்களின் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே பின்பற்றப்பட்ட நிதி முறை எளிமையானது. செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் திரட்ட வேண்டும். இன்னொரு பங்கை மாவட்டப் பஞ்சாயத்து தரும். எஞ்சியதை அரசு தரும். ஊரார் தம் பங்கைத் தந்தாலொழிய மற்ற இரண்டும் வாரா. இதனால் நூலகம் ஊருக்குச் சொந்தமானது. திரட்ட இயலாத ஏழை ஊர் பின்தங்கியது என்பதும் இம்முறையின் மறுபக்கமே.

மேற்கிந்திய மொழிகளில் 'புஸ்தகாலய', 'வாசனாலய' என்று இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது புத்தகங்கள் இருக்கும் இடம். பின்னது வாசிப்பு நிகழும் இடம். பரோடாவின் பல ஊர்களில் புஸ்தகாலயத்துக்கு வழியில்லாதபோது வாசனாலயம் தோன்றியது. சில செய்தித்தாள்களும் ஓர் அறையும் அதற்குப் போதும். 'நூலகம்' என்ற சொல் நிலைபெறுவதற்கு முன் தமிழில் பரவலாக வழங்கிய 'வாசகசாலை'யும், கேரளத்தின் 'வாயனசால'யும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பொருளைக் காட்டிலும் செயலுக்கு முதன்மை தரும் சொற்கள் இவை.

எல்லோருக்கும் இலவசம் என்ற அறிவிப்பு எதுவரை செல்லும் என்பதற்கும் இந்நகரமே சான்று. 1913-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது சயாஜிராவ் அளித்த உதவித்தொகையால். 1917-இல் அவர் பணியாற்றத் திரும்பி வந்தபோது பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. வேறு இடமின்றிப் பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்து, பின் பம்பாய்க்கு ரயிலேறினார். இலவச நூலகமும் பயணப் பெட்டிகளும் இயங்கிக்கொண்டிருந்த அதே நகரத்தில் இது நிகழ்ந்தது. நூலகத்தின் கதவைத் திறக்க மன்னரின் ஆணை போதுமானதாக இருந்தது. வீட்டின் கதவு அதற்குத் திறக்கவில்லை.

பரோடாவின் தாக்கம் அதன் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. 1919-இல் சென்னையில் கூடிய அகில இந்தியப் பொது நூலக மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் பரோடாவின் குடால்கர். 1931-இல் பரோடாவில் மத்திய நூலகத்துக்கு இன்றுள்ள கட்டடம் எழுந்தது. அதன் நூலடுக்குகள் இரும்பால் ஆனவை. வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்குவதற்காகத் தளங்கள் கண்ணாடியால் அமைந்தவை. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. அதே ஆண்டில்தான் எஸ். ஆர். ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகளும் நூலாக வெளிவந்தன. தேக்குப் பெட்டிக்கும் மாட்டுவண்டிக்கும் அடிப்படை ஒன்றே: வாசகர் வர இயலாவிட்டால் புத்தகம் புறப்பட வேண்டும்.

1939-இல் சயாஜிராவ் மறைந்தார். மோதிபாய் அமீன் மறைந்ததும் அவ்வாண்டிலேயே. 1949-இல் சமஸ்தானம் பம்பாய் மாநிலத்தோடு இணைந்தது. கட்டாயக் கல்விக்குச் சட்டம் இயற்றிய பரோடா, நூலகத்துக்குச் சட்டம் இயற்றியிருக்கவில்லை. ஆணைகளும் மானியங்களும் நல்லெண்ணமுமே அதன் அடித்தளம். சட்டத்தின் வழியில் முந்தியவை மற்றவை: 1945-இல் கோலாப்பூர் சமஸ்தானம், விடுதலைக்குப் பின் 1948-இல் சென்னை மாகாணம். சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்கச் சென்னைச் சட்டம் வழிவகுத்தது. குஜராத் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் 2001-இல்தான் வந்தது. அதில் நூலக வரிக்கு இடமில்லை.

இந்தியாவுக்குப் பொது நூலகத்தைக் கற்பித்த மண்ணில் அதற்குரிய சட்டம் வர, இணைப்புக்குப் பின்னும் 52 ஆண்டுகள் ஆயின. நல்ல மன்னர் ஒருவர் நூலகத்தைத் தொடங்கிவைக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகும் அது நிற்க வேண்டுமானால், ஊரார் தரும் மூன்றில் ஒரு பங்கும் வேண்டும். எந்த ஆட்சி வந்தாலும் மாறாத சட்டமும் வேண்டும். பரோடாவுக்கு முன்னது வாய்த்தது. பின்னது காலம் கடந்தே வந்தது. சென்னை மாகாணத்துக்குப் பின்னது முதலிலேயே கிடைத்தது. தத்தம் ஊர் நூலகத்தில் முன்னது எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அந்தந்த ஊரார்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.