சேஹர் பள்ளித் திட்டம்

சேஹர் என்பது இந்தியாவின் பீகார் மாநிலத்தில், நாளந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2015ஆம் ஆண்டு தொடங்கி நடத்தப்பட்ட மாணவர் நலத் திட்டமும் அதன் பயனை அளந்த ஆய்வும் ஆகும். கோவாவைச் சேர்ந்த சங்கத் என்னும் தன்னார்வ நிறுவனம் இதனை நடத்தியது. மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல், ஆய்வாளர் சச்சின் சிந்தே ஆகியோர் இதில் முதன்மையான பங்காற்றினர். திட்டத்தின் நீண்ட ஆங்கிலப் பெயரிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கிக் கோத்த சுருக்கமே இப்பெயர். உருது மொழியில் இச்சொல்லுக்கு விடியல் என்று பொருள்.

பின்னணி

2015-16ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட இந்தியத் தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. மனநல மருத்துவர்களோ பெரும்பாலும் நகரங்களிலேயே பணிபுரிகின்றனர். சிற்றூர் மாணவி ஒருத்தி அவர்களைக் காண வேண்டுமானால், முதலில் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். பின்னர் பெற்றோரில் ஒருவர் ஒரு நாள் கூலியை இழந்து உடன் செல்ல வேண்டும். அவளது துன்பத்திற்கு வீடே காரணமாக இருந்தால் முதற்படியிலேயே வழி அடைபட்டுவிடும். பள்ளி அவள் நாள்தோறும் தானாகவே வந்து சேரும் இடம். உதவியை அங்கேயே கொண்டுவருவது என்பதே இத்தகைய திட்டங்களின் அடிப்படை.

பீகார் அரசுப் பள்ளிகளில் தரங் என்ற பெயரில் வளரிளம் பருவக் கல்வி ஏற்கனவே வகுப்பறைப் பாடமாக நடைபெற்று வந்தது. சேஹர் அதன்மேல் கட்டப்பட்டது.

செயல்முறை

74 பள்ளிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. முதற்குழுப் பள்ளிகளில் சேஹர் மித்ரா (சேஹர் நண்பர்) எனப்பட்ட முழுநேர ஆலோசகர் ஒருவர் அமர்த்தப்பட்டார். இவர்கள் மனநல வல்லுநர்கள் அல்லர். இப்பணிக்கென்றே குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள். இரண்டாம் குழுவில் அதே பணிகளை அப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வழக்கமான வேலையோடு சேர்த்துச் செய்தார். மூன்றாம் குழுவில் தரங் பாடம் மட்டும் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 13,000க்கும் மேற்பட்டோரிடம் தொடக்கத்தில் தகவல் திரட்டப்பட்டது.

மனநலத் திட்டம் என்றவுடன் தனியறையில் நடைபெறும் ஆலோசனையே நினைவுக்கு வரும். சேஹரில் அது ஒரு பகுதி மட்டுமே. காலைக் கூட்டத்தில் சிறு உரைகள், சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், ஆசிரியர், மாணவர் முதலியோர் அடங்கிய நலக்குழு ஆகியவை பள்ளி முழுமைக்கும் பொதுவானவை. மாணவர்கள் பெயர் குறிப்பிட்டோ குறிப்பிடாமலோ தம் குறைகளை எழுதிப் போடுவதற்கு ஒரு பெட்டி வைக்கப்பட்டது. தனித்துப் பேசத் தயங்கும் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் இப்பெட்டி எளியதாயினும் பொருள் பொதிந்தது. துன்புறும் மாணவரைத் தேடிப் பிடிப்பதைவிட, துன்பம் விளையும் இடத்தைத் திருத்துவதே இதன் நோக்கம் எனலாம்.

விளைவுகள்

எட்டு மாதங்களுக்குப் பின் பெறப்பட்ட முடிவுகள் 2018இல் லான்செட் இதழில் வெளியாயின. பள்ளிச் சூழல் எப்படியுள்ளது என்று மாணவர்களே விடையளித்த வினாத்தாளில், ஆலோசகர் பணியாற்றிய பள்ளிகள் தரங் மட்டும் நடந்த பள்ளிகளைவிட ஏறத்தாழ 7.5 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றன. மனச்சோர்வு, சக மாணவரைக் கொடுமைப்படுத்துதல், வன்முறை ஆகியன குறைந்திருந்தன. ஆண் பெண் சமத்துவம் பற்றிய மனப்பாங்கும் மேம்பட்டிருந்தது. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளில் பள்ளிச் சூழல் மதிப்பெண் தரங் பள்ளிகளிலிருந்து நடைமுறையில் வேறுபடவே இல்லை.

17 மாதங்களில் எடுக்கப்பட்ட அளவீடு 2020இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியானது. ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பயன் முதலாண்டைவிடப் பெருகியிருந்தது. ஆசிரியர் குழுவில் அப்போதும் பயன் காணப்படவில்லை.

இதனை ஆசிரியர்களின் திறமைக் குறைவு என்று கொள்வது பொருந்தாது. பாடம், தேர்வு, அரசு தரும் பிற வேலைகள் ஆகியவற்றுக்கு நடுவே இப்பணிக்குக் கிடைக்கும் நேரம் சிறிது. மேலும், மதிப்பெண் இடுபவரும் தண்டிக்கும் அதிகாரம் உடையவரும் ஆகிய ஒருவரிடம் மாணவர் மனம் திறப்பது அரிது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி ஊர்ப்புறப் பள்ளிகளில் நடந்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வழியாக மனநலம் குறித்த அறிவு மாணவர்களிடமும், அவர்கள் மூலம் பெற்றோர், அண்டை வீட்டாரிடமும் பரவியது. அங்கே ஆசிரியரிடம் கேட்கப்பட்டது கற்பித்தல். நாளந்தாவில் கேட்கப்பட்டது வேறு.

சேஹர் ஆய்வுக்கும் வரம்புகள் உண்டு. ஒரே மாவட்டத்தில் நடந்தது. அளவீடுகள் மாணவர்கள் தாமே கூறிய விடைகளைச் சார்ந்தவை. தம் பள்ளியில் எது நடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

விரிவாக்கம்

2020 பெப்ரவரியில் இந்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ்ப் பள்ளி நலத் திட்டத்தைத் தொடங்கியது. மனநலமும் இதன் பாடப் பொருள்களுள் ஒன்று. இதன்படி ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், நலத்தூதுவர்களாகப் பயிற்சி பெற்று வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு நடத்துவர். அமைப்பில் இது நாளந்தாவின் இரண்டாம் குழுவையே ஒத்துள்ளது. ஆசிரியர் ஏற்கனவே சம்பளப் பட்டியலில் இருப்பவர். முழுநேர ஆலோசகரை அமர்த்த வேண்டுமானால் பள்ளிக்கு ஒன்று வீதம் புதிய பணியிடமும், ஆண்டுதோறும் அதற்கான நிதி ஒதுக்கீடும் வேண்டும்.