பார்கவி நிலையத்தின் நீல வெளிச்சம்

ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று நம் உம்மாமார் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்துள்ளனர். கேட்பதற்கு உள்ளே ஒருவருமில்லையே என்று வினவிய பிள்ளைகளுக்கு, "நீ சொல்லு, கேட்கிறவங்க கேட்பாங்க" என்ற விடையே கிடைத்தது. அந்த விடையில் பாதி மார்க்கம், பாதி அச்சம். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பற்றிய அச்சம் எல்லாச் சமுதாயத்தாருக்கும் பொதுவானது. அவ்வச்சத்தைத் திரையில் காட்டிய படங்களுள் ஒன்றைக் குறித்து, அதைக் கண்டோர் நினைவில் எஞ்சியிருப்பதையும் சேர்த்து, ஈண்டு எழுத விழைகிறோம்.

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர் வடக்குத்து. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றி, அதற்கடுத்த ஆண்டில் சுரங்க வேலை தொடங்கிய பின்னர், பல திசைகளிலிருந்தும் மக்கள் இங்கு வந்து குடியேறினர். பரங்கிப்பேட்டையாரும் பாலக்காட்டாரும் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் வாழ்ந்தனர். பணி ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சொந்த ஊர் திரும்ப மனமில்லாதோர் வடக்குத்திலும் இந்திரா நகரிலும் மனை வாங்கி வீடு கட்டிக் கொண்டனர். அவர்கள் விட்டு வந்த வீடோ, அடுத்தவர் வரும்வரை பூட்டிக் கிடக்கும். முன்புறம் புல் மண்டும். சன்னல் கதவு காற்றில் அடிக்கும். ஒரு மழைக்காலம் போதும், தெருப் பிள்ளைகள் அதைப் பேய் வீடு ஆக்கிவிடுவார்கள்.

அப்படியொரு வீட்டைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டே, வடக்குத்தில் ஒரு திண்ணையில் அந்தப் பேச்சு தொடங்கிற்று. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் ஊரின் வாசலில் மின்சாரம் நின்று போயிருந்த வேளை அது. பேய்ப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான வேளை வேறு எது? சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற மலையாளப் பெரியவர் ஒருவர், தாம் கோழிக்கோட்டில் சிறுவனாயிருந்தபோது, 1964-இல், பார்த்த 'பார்கவி நிலையம்' என்னும் படத்தைச் சொல்லத் தொடங்கினார். வெள்ளைப் புடவை, சலங்கை ஒலி, கிணறு, ஊஞ்சல் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அன்றிரவு தம் அக்கா கிணற்றடிக்குப் போக மறுத்ததையும் சொன்னார். "எனக்குப் பேயிடத்தில் பயம் தோன்றவில்லை. ரயிலில் யாராவது பழம் கொடுத்தால்தான் பயம். இன்றும் வாங்க மாட்டேன்" என்றார். அந்தப் பழத்தின் கதை பின்னால் வரும்.

அங்கேயிருந்த பரங்கிப்பேட்டை லாத்தா ஒருவருக்கும் ஒரு பாழ்வீடு நினைவுக்கு வந்தது. அது 1963-இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்து ஜமீன் மாளிகை. வாப்பாவுக்குத் தெரியாமல் சிதம்பரத்தில் உறவினர் வீட்டுப் பெண்களோடு போய்ப் பார்த்தாராம். நூறு வயது கடந்த கிழவராக நம்பியார் தோன்றிய காட்சியில் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டவர், தலைப்புப் பாடல் தொடங்கிய பிறகே திறந்தாராம். இரு படங்களையும் பார்த்திராத பிள்ளைகள் எது பெரிய பேய் என்று வழக்காடத் தொடங்கிவிட்டனர்.

அவ்விரு வீடுகளையும் இணைக்கும் மனிதர் ஒருவர் உண்டு என்பது அத்திண்ணையில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் கோழிக்கோட்டில் பிறந்து, சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் தொழில் கற்ற ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' ஆகிய படங்களுக்கு ஒளியமைத்தவர் அவரே. 'நெஞ்சம் மறப்பதில்லை'யின் பாழடைந்த மாளிகையில் நிழல்களை நீட்டியும் குறுக்கியும் காட்டிய அந்தக் கை, அடுத்த ஆண்டு தானே இயக்கிய முதற்படத்துக்கு மீண்டும் ஒரு பாழ்வீட்டையே தேர்ந்து கொண்டது. அதுவே 'பார்கவி நிலையம்'.

இவ்வகைப் படங்களுக்கு நம் நாட்டில் முன்னோடியாகக் கருதப்படுவது, பம்பாய் டாக்கீஸ் 1949-இல் வெளியிட்ட 'மஹல்'. கமால் அம்ரோஹி இயக்கிய முதற்படம் அது. மாளிகையில் உலவும் மங்கையாக நடித்தவர், மும்தாஜ் ஜஹான் என்னும் இயற்பெயருடைய மதுபாலா. அவருக்காகப் பாடிய லதா மங்கேஷ்கரின் பெயர் முதலில் இசைத்தட்டில் இடம்பெறவில்லை. கதைப் பாத்திரமான காமினியின் பெயரே அச்சாகியிருந்தது. பாடியவரே ஆவியாகிப்போன விந்தை அது! அப்படத்தில் இறுதியில் பேயென்று ஒன்றில்லை. தோட்டக்காரர் மகள் போட்ட வேடம் என்று தெளிகிறது. 'நெஞ்சம் மறப்பதில்லை'யோ மறுபிறவியை நம்பி நடப்பது. 'பார்கவி நிலையம்' இவ்விரு வழியிலும் செல்லவில்லை. அதற்குக் காரணம் அதை எழுதியவர்.

வைக்கம் முகம்மது பஷீரைத் தமிழ் முஸ்லிம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குளச்சல் மு. யூசுஃப் அவர்களின் மொழிபெயர்ப்புகள் வழியே அவர் நம் வீட்டு மனிதராகிவிட்டார். 1908-இல் வைக்கத்தை அடுத்த தலயோலப்பறம்பில் பிறந்து, 1930-இல் கோழிக்கோட்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் நாடோடியாகத் திரிந்தவர். 'நீலவெளிச்சம்' என்னும் அவருடைய சிறுகதை மிகச் சிறியது. எழுத்தாளர் ஒருவர் வாடகைக்கு வீடு தேடுகிறார். மலிவாக ஒன்று கிடைக்கிறது. குடியேறிய பின்பே விவரம் தெரிகிறது: பார்கவி என்னும் பெண் காதலில் தோற்று அவ்வீட்டுக் கிணற்றில் குதித்து மாண்டாளாம்; அவள் ஆவி ஆண்களை வாழ விடாதாம். கொடுத்த வாடகையைத் திரும்பப் பெற இயலாது. போக வேறு இடமுமில்லை. ஆகவே அவர் பார்கவியோடு பேசத் தொடங்குகிறார். பெயர் சொல்லி விளித்து, இன்னின்னது எழுதப் போகிறேன், இன்னின்ன இசைத்தட்டு வைக்கப் போகிறேன் என்று தெரிவிக்கிறார். வெளியே போகையில் சொல்லிக்கொண்டு போகிறார். ஓரிரவு விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிட, கதவைப் பூட்டிக்கொண்டு நண்பர்களிடம் மண்ணெண்ணெய் இரவல் வாங்கச் செல்கிறார். திரும்பி வந்தால், எண்ணெயில்லாத விளக்கு எரிகிறது. அறை நிறைய நீல வெளிச்சம். அவ்வளவே கதை.

திரைக்கதையும் உரையாடலும் பஷீரே எழுதினார். சில பக்கங்களைப் படமாக விரிக்கையில் அவர் செய்தது கவனிக்கத்தக்கது. எழுத்தாளராக மது. அவர் அவ்வீட்டில் கிடைத்த பழைய பொருள்களையும் ஊராரின் பேச்சையும் வைத்துப் பார்கவியின் வாழ்வை எழுத முற்படுகிறார். பார்கவியாக விஜய நிர்மலா. அவள் விரும்பிய பாடகன் சசிகுமாராகப் பிரேம் நசீர். அவளை அடைய விழையும் முறைமாமன் நாணுக்குட்டனாகப் பி. ஜே. ஆண்டனி. பயணத்தில் நஞ்சூட்டிய பழத்தைக் கொடுத்துச் சசிகுமாரைக் கொன்றவன் நாணுக்குட்டன். பார்கவியைக் கிணற்றில் தள்ளியவனும் அவனே. நம் பெரியவர் அறுபது ஆண்டுகளாக ரயிலில் பழம் வாங்காத காரணம் இதுதான்.

அப்படியானால் ஊரார் சொல்லி வந்த கதை என்ன? காதலில் தோற்றுத் தற்கொலை செய்தாள் என்பது பொய். ஆண்களைக் கொல்லும் பேயானாள் என்பது அப்பொய்யின் மேல் ஏற்றிய இன்னொரு பொய். கொலையுண்ட ஒரு பெண்ணைக் கொலைகாரியாக்கி, கொன்றவனைக் கௌரவமாக ஊருக்குள் நடமாட விட்டார்கள். பேய்க்கதை என்பது இங்கே ஓர் அவதூறு. சாட்சி எவருமில்லை, ஆனால் ஊரே அறிந்ததாகப் பேசுகிறது. சாட்சியின்றிப் பெண்கள்மீது பழி சுமத்துவோரைக் கடிந்துரைப்பது சூரத்துந் நூர். வீடுகளுக்குள் நுழைகையில் ஸலாம் கூறுங்கள் என்பதும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறது. பஷீர் இதை எண்ணித்தான் எழுதினார் என்று நாம் சாதிக்கவில்லை. எனினும், பழிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குள் முகமன் கூறி நுழையும் ஒரு மனிதனை அவர் படைத்திருக்கிறார் என்பது கண்ணெதிரே உள்ளது.

இறந்தோரின் ரூஹு வீட்டைச் சுற்றித் திரியும் என்பது நம் கொள்கையன்று. அவர்கள் பர்ஸக்கில் இருக்கின்றனர். ஜின்களோ வேறு படைப்பு. இதைக் காட்டி, ஒரு முஸ்லிம் எழுத்தாளர் பேய்க்கதை எழுதலாமா என்று கேட்பாரும் உளர். கதையைக் கூர்ந்து படித்தால், விளக்கை ஏற்றியது யார் என்று பஷீர் ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பது விளங்கும். கதைசொல்லி தம் வாழ்வில் கண்ட வியப்புகளுள் ஒன்றாக அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நமக்குத் தோன்றுவதைச் சொன்னால், பேய் உண்டா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே அன்று. இறந்தவளைப் பற்றி உயிரோடிருப்போர் பேசும் பேச்சே பொருட்டு.

இப்படத்தை ஆக்கியோர் பட்டியலை நோக்கும்போது நமக்கு ஒரு குறை தோன்றுகிறது. தயாரித்தவர் டி. கே. பரீக்குட்டி. 1954-இல் 'நீலக்குயில்' எடுத்து மலையாளப் படவுலகுக்கு முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தவரும் அவரே. எழுத்து பஷீர். நாயகன் பிரேம் நசீர், சிறையின்கீழில் பிறந்த அப்துல் காதர். எழுநூறுக்கு மேற்பட்ட படங்களில் நாயகனாக நடித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றவர். இசை எம். எஸ். பாபுராஜ். நான்கு பெரும் பொறுப்புகளில் நான்கு முஸ்லிம்கள். பாடல்கள் எழுதிய பி. பாஸ்கரனும், பாடிய யேசுதாஸும், எஸ். ஜானகியும், பி. சுசீலாவும், கமுகற புருஷோத்தமனும், இயக்கிய வின்சென்டும் அவர்களோடு ஒரு வீட்டாரைப் போல் உழைத்தனர். நம் சமுதாய வரலாறு எழுதுவோர் புலவர்களையும் வள்ளல்களையும் குறிப்பிடுகின்றனர்; மிகச் சரி. ஆனால் இத்தகையோருக்கு ஒரு பக்கமும் ஒதுக்குவதில்லை. இதைச் சொல்வதனால் சினிமாவுக்கு நாம் ஃபத்வா வழங்குவதாக எவரும் கருதிவிட வேண்டா. வரலாறு என்று எழுத உட்கார்ந்தால் இருந்ததை எழுத வேண்டும் என்கிறோம்.

பாபுராஜின் வாழ்க்கையைத் தனியே எழுத வேண்டும். கோழிக்கோட்டில் பிறந்தவர். தந்தை ஜான் முகம்மது வங்கத்திலிருந்து வந்த ஹிந்துஸ்தானிப் பாடகர். தாய் மலையாளப் பெண்மணி. இளமையிலேயே ஆதரவற்றுப் போய், வயிற்றுக்காகத் தெருவிலும் ரயிலிலும் பாடித் திரிந்த சிறுவனை, இசையில் நாட்டமுள்ள ஒரு போலீஸ்காரர் அழைத்துச் சென்று வளர்த்தார். தந்தை விட்டுச் சென்ற ஹிந்துஸ்தானி இசையையும் மாப்பிள்ளைப் பாட்டின் மெட்டுகளையும் மலையாளத் திரைக்குக் கொணர்ந்தவர் அவர். 'பார்கவி நிலைய'த்தில் யேசுதாஸ் பாடும் காதற்பாடல் பீம்பளாஸ் ராகத்தின் மெல்லிய ஏக்கத்தில் தோய்ந்தது. அச்சமூட்ட வேண்டிய படத்தில் மனிதர் நெஞ்சில் தங்கியது ஏக்கமே என்றால், பெரும்பங்கு பாபுராஜைச் சேரும். எத்தனையோ பாடல்கள் தந்தும் செல்வம் சேர்த்தாரில்லை. 1978 அக்டோபரில் சென்னையில் மறைந்தார். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை.

பெயர் பெற்றோரும் உண்டு. பத்மதளாக்ஷன் என்னும் நாடக நடிகர் இப்படத்தில் ஏற்ற பாத்திரம் குதிரவட்டம் பப்பு. அப்பெயரே அவருக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்துவிட்டது. விஜய நிர்மலா பின்னாளில் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, உலகில் மிகுதியான படங்களை இயக்கிய பெண்மணி என்று கின்னஸ் ஏட்டில் ஏறினார். ஆண்டனி 'நிர்மால்யம்' படத்துக்காகத் தேசிய விருது பெற்றார்.

2023-இல் ஆஷிக் அபு இதே கதையை 'நீலவெளிச்சம்' என்று, பஷீரின் திரைக்கதையையே கொண்டு மீண்டும் எடுத்தார். பாபுராஜின் மெட்டுகளே புதிய இசைக் கோவையோடு அதில் ஒலித்தன.

வடக்குத்துத் திண்ணைக்குத் திரும்புவோம். மின்சாரம் வருவதற்குள் பெரியவர் கதையின் முடிவுக்கு வந்திருந்தார். எண்ணெயில்லாத விளக்கு, நீல வெளிச்சம், வாசலில் திகைத்து நிற்கும் மது. "அறை முழுக்க நீலம். இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது" என்றார். நாம் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னோம்: படம் கறுப்பு வெள்ளையாயிற்றே, நீலம் ஏது? பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. தம் அக்காவும் அதை நீலமாகவே பார்த்தார் என்றும், கோழிக்கோட்டுக்குத் தொலைபேசியில் பேசி வேண்டுமானால் கேட்டுச் சொல்வதாகவும் கூறினார். பேரன் கைபேசியில் புதிய படத்தின் அக்காட்சியைத் தேடியெடுத்து அவர் முன் நீட்டினான். அதில் நீலம் இருந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

"இந்த நீலமல்ல மோனே அது" என்று கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.