ஹால்: கூரையில் பிறந்த சொல்

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரை ஒட்டி விட்டிக் மேனர் என்றொரு மாளிகை இருக்கிறது. பெயின்ட், வார்னிஷ் தயாரித்துச் செல்வம் சேர்த்த தியோடர் மேண்டர் 1887இல் இதைக் கட்டினார், 1893இல் விரிவுபடுத்தினார். கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஓல்ட். வெள்ளைச் சுவரில் கருப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் முகப்பைப் பார்த்தால் நானூறு ஆண்டுப் பழமை என்று தோன்றும். உள்ளேயோ மின்விளக்கு, வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்பு, துருக்கிக் குளியலறை என்று அக்காலத்தின் புதுமை எல்லாம் உண்டு.

1893ஆம் ஆண்டுப் பகுதியில் பெரிய அறை ஒன்று இருக்கிறது. இரண்டு மாடி உயரம். கூரை மரங்கள் மறைக்கப்படாமல் தெரியும். வாத்தியக்காரர்களுக்கு என்று மேலே ஒரு மாடம். சுவரின் மேற்பகுதியில் சார்லஸ் கெம்ப் அமைத்த சுதைச் சிற்ப வரிசை. கட்டட வரலாறு படித்த எவரும் இதை 'ஹால்' என்றே சொல்வார். ஆனால் அந்த வீட்டில் இதன் பெயர் 'கிரேட் பார்லர்'. பொருள் ஹாலுடையது, பெயர் பார்லருடையது. இந்த இடமாற்றத்தைப் புரிந்துகொள்ள ஹால் என்ற சொல்லின் பின்னால் ஆயிரம் ஆண்டுகள் நடக்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் அது 'ஹெஅல்'. ஜெர்மானிய மொழிகள் பலவற்றிலும் இதற்கு உடன்பிறப்புகள் உண்டு. மூடுதல், மறைத்தல் என்ற பொருள் தரும் 'கெல்' என்ற வேரே இதன் தாய் என்பது சொல்லாய்வாளர் கருத்து. தலையை மூடும் ஹெல்மெட், மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் நரகமாகிய ஹெல், லத்தீன் வழியே வந்த சிறைச்சாலை 'செல்' ஆகியவையும் அதே வேரில் கிளைத்தவை. சுவராலோ தரையாலோ அல்ல, மேலே மூடிய கூரையால் இந்த இடத்துக்குப் பெயர் கிடைத்தது. நம் 'கூடம்' கூடுதல் என்ற வினையை நினைவூட்டுகிறது. அவர்களுடைய ஹால் கூரையை நினைவூட்டுகிறது. இரண்டும் சுட்டியதோ பலர் சேர்ந்து இருக்கும் இடத்தைத்தான்.

அன்றைய தலைவனுக்கு ஹால்தான் வீடு. ஆகவேதான் ஹேடன் ஹால், கெடில்ஸ்டன் ஹால் என்று முழு மாளிகைக்கும் ஓர் அறையின் பெயர் வந்தது. 1341 அளவில் கட்டப்பட்ட கென்ட் மாவட்டத்து பென்ஸ்ஹர்ஸ்ட் மாளிகையில் அந்தப் பழைய ஹாலை இன்றும் பார்க்கலாம். நடுத்தரையில் எண்கோண வடிவில் அடுப்பு. புகை மேலே எழுந்து கூரைத் திறப்பு வழியே வெளியேற வேண்டும் என்பதால்தான் கூரை அவ்வளவு உயரம். அந்த உயரம் அழகுக்காக மட்டும் வந்ததல்ல. ஒரு கோடியில் மேடை, அதில் தலைவன் குடும்பத்தின் மேசை. மறுகோடியில் மரத்தடுப்பு, அதன் பின்னால் ரொட்டி வைக்கும் பேன்ட்ரி, பீப்பாய்கள் வைக்கும் பட்டரி, சமையலறைக்குப் போகும் வழி. பட்டரிக்கும் வெண்ணெய்க்கும் உறவில்லை. பீப்பாயைக் குறிக்கும் 'பட்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. எசமானும் ஏவலாளும் ஒரே கூரையின் கீழ் உண்டார்கள். மேடை மட்டுமே வேறுபாட்டைச் சொன்னது.

இந்த ஒழுங்கு இரண்டு காரணங்களால் குலைந்தது. முதலாவது, பெரிய மனிதர்கள் கூட்டத்தை விட்டு விலகித் தனி அறையில் உண்ண ஆசைப்பட்டார்கள். 14ஆம் நூற்றாண்டிலேயே இதைக் குறை சொன்ன கவிஞர் உண்டு. அப்படி விலகிப் போனவர்களுக்கு ஏற்பட்ட அறைகளில் ஒன்றுதான் பார்லர். பேசுதல் என்ற பிரெஞ்சு வினையில் பிறந்து, மடாலயங்களில் துறவிகள் பேச அனுமதி பெற்ற அறையைக் குறித்த சொல் அது. பியூட்டி பார்லர் வரை அதன் பயணம் தனிக் கதை. இரண்டாவது காரணம், சுவரோடு ஒட்டிய புகைபோக்கி. புகை சுவருக்குள் ஏறிப் போனபின் உயரமான கூரைக்கு அவசியம் இல்லை; நடுவில் ஒரு தளம் போட்டு மேல்மாடி எடுக்கலாம். 16ஆம் நூற்றாண்டில் பல பழைய ஹால்கள் இப்படிக் குறுக்கே வெட்டப்பட்டன.

அடுத்த நூற்றாண்டில் வேலையாட்களும் ஹாலை விட்டு வெளியேறினார்கள். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில் 'சர்வன்ட்ஸ் ஹால்' என்று தனி இடம் வந்தது. ஆள் போனபின் ஹால் நுழைவாயிலும் மாடிப்படியும் உள்ள இடமாகச் சுருங்கியது. சாதாரண வீடுகளில் அது தொப்பியும் கோட்டும் மாட்டும் நடையாகவே ஆகிவிட்டது. இன்றைக்கும் ஓர் ஆங்கிலேயர் ஹால் என்றால் பெரும்பாலும் வாசலை அடுத்த அந்த நடையைத்தான் சொல்கிறார்.

பழைய மதிப்பு வீட்டுக்கு வெளியே பிழைத்தது. ஊராட்சி நடக்கும் டவுன் ஹால், கல்லூரி மாணவர் உண்ணும் ஹால், தொழிற்சங்கங்களின் ஹால். லண்டன் பொற்கொல்லர்கள் தங்கள் பொருள்களைச் சங்கத்தின் ஹாலுக்கே கொண்டுவந்து சோதித்து முத்திரை பெற வேண்டும் என்ற ஏற்பாடு 1478இல் வந்தது. ஹாலில் இட்ட முத்திரைதான் ஹால்மார்க். தி. நகரில் வளையல் வாங்கும்போது நாம் உற்றுப் பார்க்கும் சொல்லுக்குள் அந்தக் கட்டடம் இருக்கிறது.

இறந்துபோன பொருளுக்கு விக்டோரியா காலத்தில் மறுபடி உயிர் கொடுத்தார்கள். கட்டடக் கலைஞர் பியூஜின் 1837இலிருந்து ஸ்கேரிஸ்பிரிக் ஹாலைப் புதுப்பித்தபோது இடைக்காலப் பாணியிலேயே பெரிய ஹாலை அமைத்தார். பழைய மாளிகைகளின் விருந்தோம்பல் ஒழுக்கமும் அந்தக் கட்டடத்தோடு திரும்பும் என்பது அவர் நம்பிக்கை. ஆலையிலும் வாணிபத்திலும் சம்பாதித்த புதுப் பணக்காரர்களுக்கு வேறொரு காரணம் இருந்தது: பரம்பரை இல்லாதவர்களுக்குப் பரம்பரையின் தோற்றத்தை ஹால் கொடுத்தது.

ஆனால் அதில் செய்ய என்ன இருந்தது? நடுவில் அடுப்பு இல்லை. குடியானவர் பந்தி இல்லை. தேநீர், பில்லியர்ட்ஸ், நடனம், பியானோ என்று புது வேலைகளைத் தேடிக் கொடுத்தார்கள். ராபர்ட் கெர் 1864இல் எழுதிய கனவான் வீட்டு நூல், குடும்பமும் வேலையாட்களும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருப்பதையே நல்ல வீட்டின் முதல் இலக்கணமாகச் சொன்னது. ஒரே கூரையின் கீழ் எல்லோரும் என்ற பழைய ஹாலுக்கு நேர் எதிரான சட்டம் இது. ஆக, அந்த மாளிகைகளில் இரண்டு ஹால்கள் இருந்தன: முன்புறம் விருந்தினர் வியக்க ஒன்று, பின்புறம் சமையற்காரரும் பணிப்பெண்களும் நீண்ட மேசையில் சேர்ந்து உண்ண ஒன்று. வடிவம் முன்னதில், வாழ்க்கை பின்னதில்.

விட்டிக் மாளிகையின் கிரேட் பார்லர் இந்த வரலாற்றில் எங்கே நிற்கிறது என்பது இப்போது தெளிவு. ஊருக்கே பந்தி போட்ட இடத்தின் உருவம் அதற்கு. பலரைவிட்டு விலகிய சிலர் பேசிக்கொண்டிருந்த அறையின் பெயர் அதற்கு. அங்கே நடந்ததும் குடும்பத்தின் பேச்சும் இசையும்தான். எனவே பெயர் பொய் சொல்லவில்லை. கட்டடம்தான் கொஞ்சம் பொய் சொல்கிறது.

அந்தப் பொய்யையும் காப்பாற்றி வைத்தது நல்லதே. தியோடரின் மகன், லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஜெஃப்ரி மேண்டர், 1937இல் இந்த வீட்டை நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தார். அப்போது வீட்டுக்கு வயது ஐம்பது. விக்டோரியா காலக் கட்டடம் என்றாலே முகம் சுளித்த காலம் அது. அவற்றுக்காக வாதாட விக்டோரியன் சொசைட்டி தோன்றியதே 1958இல்தான். இன்று இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. பழைமையைப் போலச் செய்ததும் ஒரு காலத்தின் உண்மையான விருப்பம் என்பதை ஏற்க அத்தனை காலம் பிடித்தது.

நம் பக்கம் வருவோம். ஆங்கிலேயரிடமிருந்து நாம் பெற்ற ஹால் நடைபாதையாகவில்லை. 'டபுள் பி.எச்.கே.' விளம்பரத்தில் நடுவே நிற்கும் எச் அதுதான். விருந்தினர் அமர்வதும், குழந்தைகள் விளையாடுவதும், டிவி ஓடுவதும், உறவினர் வந்தால் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். கூடம் செய்த வேலையை ஹால் என்ற பெயரில் தொடர்கிறோம். இங்கிலாந்தில் கட்டடத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது. சொல்லின் பழைய பொருளோ, எந்தச் சட்டமும் இல்லாமல், அந்நாட்டு வீடுகளைவிட நம் வீடுகளில்தான் அதிகம் பிழைத்திருக்கிறது.