கற்பித்தலே அழைத்தல்: டி லா சால் சகோதரர்களின் வரலாறு

கிறித்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் சபை என்பது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் உருவான கத்தோலிக்கத் துறவற சபை ஆகும். இதை நிறுவியவர் புனித ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் (1651–1719). குருப்பட்டம் பெறாமல், இளையோருக்குக் கற்பிப்பதையே இறையழைத்தலாக ஏற்று வாழ்வது இச்சபையினரின் தனித்தன்மை.

தொடக்கம்

ரைம்ஸ் நகரின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்த டி லா சால், 1667இல் அந்நகரப் பேராலயத்தின் மன்ற உறுப்பினரானார், 1678இல் குருவானார். ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்க வந்த அட்ரியன் நியேல் என்பவருக்கு 1679இல் உதவத் தொடங்கினார். அக்காலத்தில் இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு வருவாயும் மதிப்பும் குறைவு, பயிற்சியும் இல்லை. உறவினரின் எதிர்ப்பையும் மீறி, 1681இல் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார்.

துறவு

நாளையைப் பற்றிக் கவலைப்படாமல் இறைவனை நம்புமாறு அவர் ஆசிரியர்களிடம் கூறினார். பள்ளிகள் மூடப்பட்டாலும் அவருக்குச் சொத்தும் பதவியும் இருக்கும், தங்களுக்கோ வறுமையே மிஞ்சும் என்று அவர்கள் மறுமொழி கூறினர். அதில் இருந்த உண்மை அவரை உறுத்தியது. 1683இல் பேராலயப் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் செல்வத்தை ஏழைகளுக்கு உணவாகப் பகிர்ந்தளித்தார். அதைப் பள்ளிகளுக்கு முதலீடாக வைக்கவில்லை. இதன் பின்னரே அவர் சொல்லுக்கு ஆசிரியர்களிடையே முழு வலிமை கிடைத்தது.

குருக்கள் அல்லாத துறவியர்

சகோதரர் ஒருவரைக் குருவாக்க அவர் எண்ணியிருந்தார். 1690இல் அவர் இறந்தபின், சகோதரர் எவரும் குருவாக வேண்டாம் என முடிவு செய்தார். வழிபாட்டுக் கடமைகள் வகுப்பறைப் பணியைப் பின்னுக்குத் தள்ளிவிடக்கூடும் என்பது இதற்கு ஒரு காரணம். 1691இல், வெறும் ரொட்டியை உண்டு வாழ நேர்ந்தாலும் இப்பணியைக் கைவிடுவதில்லை என இரு தோழர்களுடன் வார்த்தைப்பாடு அளித்தார். 1694இல் 12 சகோதரர்களுடன் வாழ்நாள் வார்த்தைப்பாடு எடுத்தார்.

கல்விமுறை

மாணவர்களைத் தனித்தனியே அழைத்துக் கற்பிப்பதற்கு மாறாக, நிலைவாரியாகப் பிரித்து ஒருங்கே கற்பிக்கும் முறையை இச்சபை பரவலாக்கியது. வாசிப்பு இலத்தீனில் அன்றி, பிரெஞ்சிலேயே தொடங்கியது. கட்டணம் வாங்கவில்லை. இதனால் தம் பிழைப்புக் கெடும் என அஞ்சிய பாரிசின் எழுத்துப் பயிற்சி ஆசிரியர்கள் வழக்குத் தொடுத்தனர்.

மரபு

டி லா சால் 1719 ஏப்ரல் 7 அன்று ரூவான் நகரில் இறந்தார். 1725இல் திருத்தந்தை 13ஆம் பெனடிக்ட் சபைக்கு ஒப்புதல் அளித்தார். 1900இல் டி லா சால் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.